கோடு ஏறுகிறதா?

அங்கன்வாடியில் குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஓர் அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். சென்ற மாதப் புள்ளியோடு இந்த மாதப் புள்ளியைக் கோடு போட்டு இணைக்கிறார்கள். அட்டையில் எழுத்து அதிகம் இல்லை. கீழே வயது, மாதக் கணக்கில். ஓரத்தில் எடை, கிலோ கணக்கில். அவ்வளவுதான். பல வீடுகளில் இந்த அட்டை துணிப் பெட்டிக்கு அடியில் தூங்குகிறது!

தாய்மார்கள் அதை எடுத்துப் பார்க்கவேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது விளங்கும். கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா? கேள்வி இது ஒன்றுதான்.

ஒரு வயது ஆண் குழந்தைகள் இருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் எடை 8 கிலோ. முதல் குழந்தை பத்தாம் மாதம் 7.5 கிலோ இருந்தது. பிறகு 7.8, இப்போது 8. இரண்டாவது குழந்தை பத்தாம் மாதம் 8.4 கிலோ. பிறகு 8.2, இப்போது 8. தராசுக்கு இருவரும் ஒன்றுதான். அட்டைக்கு அப்படி அல்ல. முதல் குழந்தை வளர்கிறது. இரண்டாவது குழந்தை தேய்கிறது. வயிற்றுப்போக்கோ, காய்ச்சலோ, போதாத உணவோ அதன் எடையைத் தின்கிறது.

இதில் ஒரு மோசம் உண்டு. இரண்டு கோடுகளுமே இன்னும் பச்சைப் பட்டையில்தான் இருக்கின்றன. "பச்சைதானே!" என்று தாய் நிம்மதியாக இருந்துவிடுவாள். மஞ்சளுக்கு வந்த பிறகு பதறுவாள்.

கோடு படுத்திருந்தால்? "குறையவில்லையே" என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். அது தவறு. பிறந்த முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. அதன் பிறகு வளராமல் நிற்பதே நஷ்டம்தான்.

மருத்துவர் டேவிட் மார்லி நைஜீரியாவின் கிராமத்தில் பணி புரிந்தபோது இத்தகைய அட்டையைத் தாய்மார்கள் கையிலேயே கொடுத்தார். தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், எடை சரியாக ஏறாத குழந்தைகளைத் தேடிப் பிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். கோட்டின் போக்கைப் பார்த்துச் சோறு போட்ட திட்டம் அது!

அளவு வெளிநாட்டாருடையது என்று ஒதுக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவு, இந்தியா உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை நிறுத்து எடுத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அட்டை வேறு. ஒரு வயதில் நடுத்தர எடை ஆணுக்கு 9.6 கிலோ, பெண்ணுக்கு 8.9 கிலோ. அட்டை மாறினால் கணக்கும் மாறும்.

கோடும் சில சமயம் ஏமாற்றும். ஒரு மாதம் சட்டையோடும் மறுமாதம் சட்டையில்லாமலும் நிறுத்தால் கோடு இறங்கத்தான் செய்யும். நாலு மாதம் போகாமல் இருந்துவிட்டு இரண்டு புள்ளிகளை இணைத்தால், நடுவில் குழந்தை பட்ட பாடு அதில் தெரியாது.

2021 முதல் குழந்தையின் எடை கைப்பேசி மூலம் அரசுக்குப் போகிறது. நல்லதுதான். ஆனால் டெல்லிக்குத் தெரிவது பெற்ற தாய்க்கும் தெரியவேண்டாமா? எடை பார்க்கும் பணியாளர் அட்டையைத் தாயின் பக்கம் திருப்பி, விரல் வைத்துக் காட்டவேண்டும். அரை நிமிட வேலை. அவர் காட்டாவிட்டால் தாய் கேட்கவேண்டும்.

கோடு இறங்கினால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். படுத்துவிட்டாலும் அப்படியே. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவேண்டும்.