எண் கேட்டோம், எழுத்து வந்தால்?



சி மொழி படித்த நாம் எல்லோரும் எழுதிய புரோகிராம் ஒன்று உண்டு: மின் கட்டணக் கணக்கு. யூனிட்டைக் கேட்கும், டைப் பண்ணினால் பில் வரும், அடுத்த வீட்டுக்குக் கேட்கும். லேபில் 150 கொடுத்தேன். விடை சரி. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழுந்தது. 'முடிஞ்சுது' என்று நினைத்தேன்.

பக்கத்து சிஸ்டம் நண்பன் சும்மா இருக்காமல், எண்ணுக்குப் பதில் ஒரு எழுத்தைத் தட்டினான். அவ்வளவுதான்! கேள்வியும் பில்லும் மாறி மாறித் திரையில் அருவியாகக் கொட்டின. "என்னடா பண்ணி வச்சே?" என்று அவனைத்தான் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை!

காரணம் எளியது. ஸ்கேன்எஃப் தேடுவது எண்ணை. எழுத்தைக் கண்டால் அதை எடுக்காமல் அங்கேயே விட்டுத் திரும்பிவிடும். லூப் மறுபடி வரும்போதும் அதே எழுத்து நிற்கும். துறைமுக கேட்டில் ஒரு லாரி மடக்கி நின்றால், பின்னால் உள்ள லாரி எதுவும் நகராதே, அது போல.

இதுவாவது கண்ணுக்குத் தெரிகிறது. லூப் இல்லாத புரோகிராமில் 450-இன் கடைசி சைபருக்குப் பதில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து விழுந்தால்? 45 என்று எடுத்துக்கொள்ளும். 2016-இல் வந்த 100 யூனிட் இலவசத்தையும் நான் சேர்த்திருந்ததால் பில் பூஜ்யம்! சத்தமே இல்லாத தப்பு.

எண்ணாகவே வந்தாலும் போதாது. நம் அத்திப்பட்டு வட சென்னை அனல் மின் நிலையத்தில் முதல் நிலை அலகுகள் மூன்றும் தலா 210 மெகாவாட். இரண்டாம் நிலையில் இரண்டு, தலா 600. உற்பத்தியைப் பதியும் புரோகிராமில் 550 என்பது இரண்டாம் நிலைக்குச் சரி, முதல் நிலைக்கு நடக்காத எண். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: இது எண்ணா? இங்கே இருக்கக்கூடிய எண்ணா?

கேட்காவிட்டால் என்ன ஆகும்? 1997-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் யார்க்டவுனில் ஒரு கட்டத்தில் 0 என்று பதியப்பட்டது. பூஜ்யத்தால் வகுக்கப் போய்க் கணினிகள் முடங்கின. கப்பல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடுக்கடலில் நின்றது. 2012 அக்டோபர் 5 அன்று நம் தேசியப் பங்குச் சந்தையில் ஒரு தரகு நிறுவனத்தின் தவறான ஆர்டர்களால் 650 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகள் விற்றுப்போய், நிஃப்டி நொடிகளில் 15 சதவீதம் சரிந்தது. தட்டியவர் கை தவறியது உண்மை. தடுக்காமல் வாங்கிக்கொண்டது யார்?

"பிகினருக்கு இதெல்லாம் எதுக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள் சீனியர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். லேத்தைத் தொடும் முன்பே ஷூ போடு, சட்டைக் கையை மடி என்று சொல்லித் தருகிறார்களே, அதை 'அப்புறம்' என்றா விட்டார்கள்?

வேலை பெரிதல்ல. ஸ்கேன்எஃப் எத்தனை எண் வாங்கியது என்று திருப்பிச் சொல்கிறது; நாம்தான் பார்ப்பதில்லை. இன்னும் நல்ல வழி: எஃப்கெட்ஸ் மூலம் முழு வரியையும் வாங்கி, ஸ்ட்ர்டால் மூலம் எண்ணாக்கி, மிச்சம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு எல்லைச் சோதனை. தவறென்றால் '0 முதல் 210 வரை எண் கொடுங்கள்' என்று மரியாதையாக மறுபடி கேட்பது. ஏட்டுஐ வேண்டாம், எழுத்துக்கும் 0 தரும், உண்மையான 0-வுக்கும் 0 தரும்.

லேப் தேர்வில் சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் தராமல், தவறான உள்ளீட்டைச் சமாளிப்பதற்கும் தனியே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மார்க் இருந்தால்தானே நாம் செய்வோம்!

நாளை நம் புரோகிராமை நைட் ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் தட்டுவார். அவர் கை தவறும். அதைத் தாங்கிப் பிடிப்பதுதான் நம் தொழில். ரெக்கார்டு நோட்டை மூடும் முன், எண் கேட்கும் இடத்தில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டித்தான் பாருங்களேன்!