பேய்க்கதை படிக்கும் பிள்ளைகளும் பழி கூறும் பெரியோரும்

பிள்ளைகள் படிப்பதில்லையே என்று வருந்திய பெரியோர், இன்று அவர்கள் படிப்பதைக் கண்டு வருந்துகின்றனர். தலைநகரில் தமிழர் கூடும் அவை எதுவாயினும் இப்புலம்பல் எழாமல் இருப்பதில்லை. "காட்டேரிக் கதையும் சூனியக்காரர் கதையும் படித்துப் பிள்ளைகள் பாழாகின்றனர், அகமும் புறமும் அறியாத தலைமுறை வளர்கின்றது" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். இவ்வாறு முழங்குவோர் நமக்கு வேண்டியவர்களே. அவர்தம் தமிழ்ப் பற்றில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவர்கள் தொடுத்துள்ள வழக்கில் நியாயம் இல்லை என்பதை எடுத்துரைப்பது நம் கடமையாகின்றது.

குற்றக்கூண்டில் நிறுத்தப்படும் நூல்கள் யாவை? அமெரிக்க எழுத்தாளர் ஆர். எல். ஸ்டைன் 1992-ல் தொடங்கிய 'கூஸ்பம்ப்ஸ்' வரிசை, 1997-க்குள் 62 நூல்களாக வளர்ந்தது. ஆங்கில நாட்டு ரௌலிங் அம்மையாரின் 'ஹாரி பாட்டர்' 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வந்தது. ஸ்டெபனி மேயர் எழுதிய 'ட்விலைட்' வரிசை 2005-க்கும் 2008-க்கும் இடையே நான்கு நூல்களில் முடிந்தது. மழை ஓயாத ஒரு சிற்றூரில் பள்ளி மாணவி ஒருத்தி காட்டேரி இளைஞன்மீது காதல் கொள்ளும் கதை அது. தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை 2019-ல் நடைபாதையை விட்டு மகிளா ஹாட்டிற்குப் பெயர்ந்தது. நம் பிள்ளைகளின் கால்களும் உடன் பெயர்ந்தன. அங்கே அவர்கள் முதலில் தேடுவன இவ்வரிசைகளையே.

பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது முதற் குற்றச்சாட்டு. அங்ஙனமாயின் நம் இலக்கியத்தில் பாதியைக் கொளுத்த வேண்டும். கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழ் அடுகின்றன. அதனைப் படித்த புலவர் எவரும் இரவில் வெளியே செல்ல அஞ்சியதாக நாம் கேட்டதில்லை. காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று பாடினார். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தை நம் பெரியோர் மறந்தனரோ? சார்ங்கலன் என்னும் இளையவன் தனியே அச்சுடுகாட்டினுள் புகுந்து, பேய் பிணத்தலையைக் கையிலேந்தி ஆடக் கண்டு, அஞ்சி ஓடித் தாயிடம் உரைத்து உயிர் விடுகின்றான். தாய் கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் மகன் உயிரைக் கேட்டு வாதிடுகின்றாள். போன உயிரை மீட்டல் இயலாது என்னும் விடையே அவளுக்குக் கிடைக்கின்றது. இறப்பு என்பது யாது என்று ஓர் இளம் உள்ளம் முதன்முதலாக நடுங்கிக் கேட்கும் வினாவிற்குச் சாத்தனார் தேர்ந்த வடிவம் பேய்க்கதையே. பதினான்கு வயதில் உடல் மாறுகின்றது. நேற்றைய தோழி இன்று வேற்றாளாகின்றாள். தாத்தாவோ பாட்டியோ மறைகின்றனர். நேரே நோக்க இயலாத இவற்றைச் சாய்வாக நோக்க ஒரு சாளரம் வேண்டும். காட்டேரி அச்சாளரம்.

இரண்டாவது குற்றச்சாட்டு, இவை வரிசை வரிசையாக அச்சிட்டு விற்கப்படும் வணிகச் சரக்கு என்பது. இதைக் கூறும் பெரியோர் தம் இளமையை நினைவுகூர வேண்டுகின்றோம். 1947-ல் தோன்றிய அம்புலிமாமாவில் மாதந்தோறும் விக்கிரமாதித்தன் மனந்தளராமல் வேதாளத்தைச் சுமக்க, அது மாதந்தோறும் முருங்கைமரம் ஏறியதே, அது வரிசை அன்றோ? 1972-ல் முத்து காமிக்ஸ் வழியே வந்து, மின்சாரம் பாய்ந்ததும் உருமறைந்த இரும்புக்கை மாயாவி திருக்குறளோ சொல்லிக்கொண்டு வந்தான்? பாடநூலுள் ஒளித்துவைத்துப் படித்தவர்களே இன்று மேடையேறிப் பழிக்கின்றனர். நாமும் அவ்வாறு படித்தவர்களே, ஒளிப்பானேன்?

வரிசை நூலின் பயனை அலுவலகக் கோப்புகளோடு நாளெல்லாம் கிடக்கும் நாம் நன்கு அறிவோம். புதிய கோப்பின் முதற் பத்துப் பக்கங்கள் இழுபறி. ஆளும் பொருளும் பழகிய பின் கை தானே ஓடும். வரிசையில் இரண்டாம் நூலை எடுக்கும் பிள்ளைக்கு ஊர் தெரியும், பாத்திரங்கள் தெரியும், ஆசிரியரின் சொற்கள் தெரியும். தெரியாத சொல் ஒன்றிரண்டு வந்தாலும் கதையின் வேகம் அவற்றைத் தாண்டச் செய்யும். பத்தாம் நூலில் அச்சொற்கள் சொந்தமாகிவிடும். மொழியை ஊன்றிக் கற்க இதனினும் எளிய வழி இல்லை. ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்கு வந்தது இவ்வழியே. இலக்கணப் பாடத்தால் மட்டும் அன்று.

மூன்றாவது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அதனை மறைக்க மாட்டோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் மகளிடமிருந்து ட்விலைட் நூலைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். பின்னர் வெட்கமுற்று நாமே அதனைப் படித்தோம். அந்தக் காட்டேரிக் காதலன், நங்கை அறியாமல் இரவில் அவள் அறைக்குள் புகுந்து அவள் உறங்குவதைப் பார்த்திருக்கின்றான். இதனைக் காதல் என்று காட்டுவது நமக்கு உடன்பாடன்று. நூலைத் திருப்பித் தந்து இதுபற்றி வினவினோம். "எனக்கும் அந்த எடம் பிடிக்கலப்பா, அவன் கேட்டுட்டு வந்திருக்கணும்" என்றாள். பூட்டி வைத்திருந்தால் இந்த ஒரு வாக்கியம் நமக்குக் கிட்டியிராது. நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகார்டோ நகரில் 2001 டிசம்பரில் ஒரு திருச்சபையினர் ஹாரி பாட்டர் நூல்களைத் தீயிலிட்டனர். அதன்பின்னும் அவ்வரிசையில் மூன்று நூல்கள் வெளிவந்தன, உலகம் படித்தது. தீயும் பூட்டும் செய்யாததை உடனிருந்து படித்தல் செய்யும்.

இனி நாம் எதிர்வழக்குத் தொடுக்கின்றோம். அன்று மகள் அதோடு நிறுத்தவில்லை. "தமிழ்ல இந்த மாதிரி ஒரு சீரீஸ் குடுங்கப்பா, படிக்கிறேன்" என்றாள். ஒரு திங்கள் தேடினோம். குழந்தைகளுக்குப் படக்கதை கிடைத்தது; பெரியோர்க்குப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் கிடைத்தது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' கிடைத்தது. ஒப்பற்ற கதை, ஆயினும் முதிர்ந்த வாசகர்க்குரியது. பன்னிரண்டிற்கும் பதினேழிற்கும் இடையே நிற்கும், தமிழகத்திற்கு வெளியே வளர்ந்த ஒரு பிள்ளையின் கையில் வைக்க, நூறு பக்க அளவில், ஒன்றன்பின் ஒன்றாக வரும் தமிழ் வரிசை ஒன்று நம் கைக்கு எட்டவில்லை. அப்பிள்ளைக்கு வீட்டில் பேசும் தமிழ் தெரியும். ஏட்டுத் தமிழ் வேற்று மொழி போல் தோன்றும். இவ்விரண்டிற்கும் பாலமாவது, உரையாடல் மிகுந்த, விறுவிறுப்பான கதையே. அப்பாலத்தைக் கட்டாமல், ஆற்றைக் கடக்காத பிள்ளையை ஏசுகின்றோம்.

நாம் தருவதென்ன? பேச்சுப் போட்டிதோறும் பரிசாகத் திருக்குறள் தருகின்றோம். நம் வீட்டு அலமாரியில் ஒரே உரையின் மூன்று படிகள் உள்ளன. மூன்றும் பிரியாத புதுமையோடு விளங்குகின்றன. குறளின் பெருமைக்கு இதனால் இழுக்கில்லை. படிக்கத் தெரியாத கையில் அதனைத் திணித்த நமக்கே இழுக்கு.

இழப்பு எத்தகையது என்பதையும் கூறிவிடுகின்றோம். கோடை விடுமுறைதோறும் பழையனூர் நீலியின் கதையை நம் மகளுக்குச் சொன்னவர் நம் அன்னையார். அவர் மறைந்தபின், நமக்கு எழுதிய பழைய கடிதங்களின் கட்டு ஒன்று மகளின் கையில் சிக்கியது. இரண்டு வரி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பின்பு, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்று நம்மிடம் நீட்டினாள். பாட்டியின் குரலில் நீலியை அறிந்தவளுக்குப் பாட்டியின் கையெழுத்து அயலாயிற்று. அவளைக் கெடுத்தது அமெரிக்கக் காட்டேரியா, நம் சோம்பலா என்று ஆன்றோர் தீர்ப்புக் கூறட்டும்.

நாம் வேண்டுவது பெரிதன்று. தமிழ்ச் சங்கங்கள் கூடி, ஆண்டிற்கு இரண்டாகச் சிறு நூல் வரிசை ஒன்றைத் தொடங்கட்டும். கதைக் களத்திற்குப் பஞ்சமில்லை. நீலி இருக்கின்றாள், சக்கரவாளக் கோட்டம் இருக்கின்றது. இத்தில்லியிலேயே பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் வியாழன்தோறும் மக்கள் ஜின்களுக்கு மனு எழுதி, நகலெடுத்து, மாடந்தோறும் ஒன்றாக வைத்துச் செல்கின்றனர். அம்மனுக்களுள் ஒன்று தமிழில் இருந்து, அதனை ஒரு தமிழ்ச் சிறுமி கண்டெடுத்தால் என்ன நிகழும்? இளம் எழுத்தாளர் ஒருவர் இவ்வினாவை ஏற்று நூறு பக்கம் எழுதட்டும். பரிசு மேடையில் நான்காம் படித் திருக்குறளுக்கு முன்னர் அந்நூலைப் பிள்ளைகள் கையில் தருவோம். முதல் நூலைப் படித்து, இரண்டாவது எப்போது வரும் என்று நச்சரிக்க, நம் இல்லத்தில் ஒரு வாசகி காத்திருக்கின்றாள்.