அடியாத மாடும் படியாத நாயும்

2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம், தில்லித் தலைநகர் வட்டாரத்துத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்டது. பதினொரு நாள் கழித்து மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின், வெறிநோய்க்கு ஆட்பட்டவையும் மூர்க்கம் கொண்டவையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நவம்பரில் வந்த இன்னோர் ஆணை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. ஒவ்வோர் ஆணையின்போதும் நாட்டின் படித்த வர்க்கம் இரண்டாகப் பிளந்து நின்று கூச்சலிட்டது. ஒரு தரப்புக்கு நாய் மட்டுமே தெரிந்தது. மறு தரப்புக்குக் கடி மட்டுமே தெரிந்தது.

இத்தனைக்கும் அந்த வழக்கு தொடங்கியதே குழந்தைகளை முன்னிட்டுத்தான். நாய்க்கடிக்குச் சிறார் இரையாவது குறித்த நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கண்டு நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கு அது. நவம்பர் ஆணையில்கூட, விலங்குகளின் அருகில் எப்படி நடந்துகொள்வது, கடிபட்டால் முதலுதவி என்ன என்பவற்றை மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அந்த வரிக்காக எவரும் தொண்டை வறளக் கத்தியதாகத் தெரியவில்லை. நாயை எங்கே வைப்பது என்பதில் எல்லார்க்கும் கருத்துண்டு. நாயோடு ஒரே தெருவில் வளரும் பிள்ளைக்கு என்ன கற்றுத்தருவது என்பதில் அந்த வேகம் இல்லை.

எதுவுமே கற்றுத்தருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்தியக் குழந்தைக்கு நாயைப் பற்றிக் கிடைக்கும் முதல் பாடம் கல். குனிந்து கல்லெடுப்பதுபோலப் பாவனை செய்தாலே நாய் ஓடும் என்பதைப் பள்ளி செல்லும் முன்பே அது அறிந்துவிடுகிறது. வீட்டில் நாய் இருந்தால் அடுத்த பாடம்: கூடத்தில் சிறுநீர் கழித்த குட்டியின் மூக்கை அதிலேயே தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் பூட்டி நடத்துவது. இவற்றுக்கெல்லாம் தமிழ் வீடுகளில் ஆயத்தமாக ஒரு பழமொழி இருக்கிறது: அடியாத மாடு படியாது. வட இந்திய வீடுகளில் அப்பழமொழியின் வேலையை ‘டண்டா’ என்ற ஒற்றைச் சொல்லே செய்துவிடும்.

பழமொழியை நாட்டுப்புறத்தான் பேச்சு என்று ஒதுக்கும் நகரத்தார்க்கு அதே சரக்கு ஆங்கிலப் பொட்டலத்தில் கிடைக்கிறது. நாய்க் கூட்டத்துக்கு ஓர் ‘ஆல்ஃபா’ வேண்டுமாம். வீட்டின் ஆல்ஃபா மனிதராக இருக்க வேண்டுமாம். இந்தக் கதையின் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அவர் கவனித்தவை பாசெல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டுக் கிடந்த ஓநாய்கள். அக்கருத்தை 1970இல் தம் நூலின் வழியே உலகறியச் செய்த டேவிட் மெக், 1999இல் தாமே அதைத் திருத்தினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம், அங்கே முடிசூடும் போட்டி எதுவும் நடப்பதில்லை. தம் பழைய நூலை அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரை அவரே கேட்டுக்கொண்டார். ஓநாய் அறிஞர் கைவிட்ட கருத்தை, ஓநாயையே கண்டிராத அடுக்குமாடிக் குடியிருப்பின் பயிற்சியாளர் இன்னும் காசுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்.

அடியால் நாய் படிவதில்லையா என்று கேட்பர். படியும். என்ன படிகிறது என்பதே கேள்வி. போர்த்துகலில் 92 நாய்களைக் கொண்டு செய்யப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்வில், தண்டனை வழியில் பயின்ற நாய்கள் பயிற்சியின்போது கூடுதலான பதற்றக் குறிகளைக் காட்டின. அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் கூடியது. உணவு இருக்குமா இராதா என்று ஐயம் எழும் கிண்ணத்தை நோக்கி அவை தயங்கித் தயங்கியே நடந்தன. அடிபட்ட நாய் பாடத்தோடு சேர்த்து, நல்லதை எதிர்பார்க்காதிருக்கவும் கற்கிறது.

உறுமியதற்காக அடிவாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், அச்சத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் நேராகப் பதியும். அந்தப் பல் பெரும்பாலும் வீட்டின் மிகச் சிறிய உடலைத்தான் தேடி வரும், ஏனெனில் நாயின் முகத்துக்கு நேரே முகம் வைத்திருப்பது அதுவே. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட சிறார் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். உறுமலைக் குற்றமென்று குழந்தைக்குக் கற்பிப்பவர், வீட்டின் எச்சரிக்கை மணியைத் தம் கையாலேயே கழற்றுகிறார்.

தமிழ் வினைச்சொற்கள் இதில் நல்ல சாட்சி. அடங்கு என்பதன் பிறவினை அடக்கு; பழகு என்பதன் பிறவினை பழக்கு. அடக்குபவர் தாம் அடங்கவேண்டிய தேவை எதுவுமில்லை. பழக்குபவரோ முதலில் பழக வேண்டும். ஒருவரோடு நெருங்கி இருப்பதையும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து தேர்வதையும் ‘பழகு’ என்னும் ஒரே வினை சுமக்கிறது. நாயைப் பழக்குதல் என்று சொல்லிக்கொண்டே அடக்குதலைச் செய்வோர் நாய்க்கு மட்டுமின்றிச் சொல்லுக்கும் தீங்கிழைக்கின்றனர்.

நாயின் ‘கீழ்ப்படியாமை’யில் பாதி வீட்டாரின் இலக்கணக் குழப்பம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தில்லியில் ஓர் இந்திக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். தாத்தா ‘ஆ’ என்கிறார். அம்மா ‘ஆவோ’ என்கிறார். மரியாதை மிகுந்த விருந்தினர் ‘ஆயியே’ என்கிறார். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ‘கம்’ என்கிறது. மனிதர்க்கு இவை ஒரே வினையின் மரியாதைப் படிகளும் ஒரு மொழிபெயர்ப்பும். நாய்க்கு நான்கு வெவ்வேறு ஒலிகள். தமிழ் வீட்டிலும் ‘வா’, ‘வாடா’, ‘இங்க வந்துடு’ என்று அதே கதைதான். ஒரு செயலுக்கு ஒரே ஒலி, ஒரே கையசைவு என்று வீட்டார் கூடி முடிவெடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அதை முடிவெடுக்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்தால் பெரியவர்களைவிடக் கண்டிப்பாக அது நிறைவேற்றும்.

முறை எளிது. நாய் செய்யவேண்டியதைச் செய்த நொடியில் ‘சரி’ போன்ற ஒரு குறுஞ்சொல்; உடனே கடலைப்பருப்பளவு அவித்த முட்டையோ கோழித்துண்டோ சப்பாத்தித் துணுக்கோ. சாக்லேட்டும் வெங்காயமும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விருந்தினர்மேல் பாயும் நாயைக் கையால் தள்ளினால் அதற்கு அது விளையாட்டு. திரும்பி நின்று, நான்கு காலும் தரையில் படும் கணத்தில் துணுக்கைக் கொடுத்தால் அதற்குப் பாடம். நாய் தவறினால் கற்பிப்பவரின் படி உயரமாகிவிட்டது என்று பொருள். படியைத் தாழ்த்த வேண்டும். மாணவர் தோற்றால் ஆசிரியர் தம் முறையைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டை இந்நாட்டுக் குழந்தை வேறெங்கு காணக்கூடும்? நாயை உதைப்பதையும் அடிப்பதையும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. பள்ளிப் பிள்ளையை அடிக்கக் கூடாதென்று கல்வி உரிமைச் சட்டம் சொல்ல 2009 வரை ஆயிற்று. இரண்டு சட்டங்களும் எந்த அளவுக்கு மதிக்கப்படுகின்றன என்பதைத் தெருவும் வகுப்பறையும் சொல்லும்.

“இது லஞ்சம் அல்லவா?” என்று ஏளனம் செய்வோர் உளர். லஞ்சம் வேலைக்கு முன் காட்டப்படுவது. கூலி வேலைக்குப் பின் தரப்படுவது. இந்த வேறுபாட்டை இந்தியர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இது லாப்ரடார் வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பது. உண்மையில் நாயோடு நாள்தோறும் வாழ்பவர் குடிசைப்பகுதிப் பிள்ளைகள், குப்பை பொறுக்கும் சிறார், நடைபாதையில் உறங்கும் குடும்பங்கள். அவர்களின் தெருநாய்களுக்குப் பெயரும் உண்டு, சோறிடும் வீடும் உண்டு. அந்நாய்கள் படிக்கவியலாத முரடுகளும் அல்ல. கொல்கத்தாவை ஒட்டிய மோகன்பூரிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல்லாண்டுகளாக ஆய்ந்து வருகிறது. பயிற்சி எதுவும் பெறாத தெருநாய்கள் முன்பின் அறியாத மனிதர் சுட்டிய கிண்ணத்தையே தேடிச் செல்கின்றன என்று 2020இல் அக்குழு காட்டியது. அருகே வந்தவற்றில் பத்துக்கு எட்டு அவ்வாறு செய்தன. ஆனால் ஏறத்தாழப் பாதி நாய்கள் அருகிலேயே வரவில்லை. மனிதரிடம் பட்டது போதும் என்று அவை ஒதுங்கியிருக்கலாம். எட்டுக்கும் பாதிக்கும் இடையில் எத்தனை கற்கள் விழுந்திருக்கும் என்பதை எவர் எண்ணினார்?

நாயன்பர் தரப்பும் தப்பிக்க முடியாது. ‘அன்பு காட்டு’ என்பது அறிவுரைதான்; பயிற்சிமுறை ஆகாது. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் மழலையின் காணொளிக்கு விருப்பக்குறிகள் குவிகின்றன. அதே காணொளியில் நாய் தலையைத் திருப்பிக்கொள்வதையும், உதட்டை நக்குவதையும், கடைக்கண்ணில் வெண்மை தெரிய விழிப்பதையும் எவரும் பார்ப்பதில்லை. அது ‘என்னை விடு’ என்று கெஞ்சுகிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, ஒன்று அவைக்கும் மற்றொன்று காதலுக்கும். நாய்க்கென்று மூன்றாவதைப் பள்ளிதான் எழுத வேண்டும். அதன் முதல் விதி கட்டிப்பிடிக்காதே என்பதாக இருக்கட்டும். பயிற்சி, தடுப்பூசி போட்ட, அறிமுகமான நாயோடு, பெரியவர் உடனிருக்கையில் மட்டுமே. அறியாத நாய்முன் ஓடாமல், கண்ணைப் பார்க்காமல் மரம்போல நிற்க வேண்டும். கடிபட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவை நடவாத கனவுகள் அல்ல. கோவாவில் நாய்களுக்குப் பெருந்திரள் தடுப்பூசி போட்டபோது, அதனுடன் பள்ளிதோறும் நாய்ப் பாதுகாப்புப் பாடமும் நடத்தப்பட்டது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் வெறிநோயால் மனித இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று 2021இல் மாநில அரசு அறிவித்தது. முதன்மைப் பங்கு ஊசிக்குத்தான். அதை மறைப்பது நேர்மையன்று. அங்கே கற்பித்ததும் நாயைப் பழக்கும் கலையன்று, நாயிடமிருந்து தப்பும் கலையே. ஆயினும் பள்ளிக் கதவு இதற்குத் திறக்கும் என்பது அங்கே உறுதிப்பட்டது.

முதல் வகுப்புக்கு நாயே வேண்டாம். வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாக ஆடிவரும் ஒரு விளையாட்டு போதும். ஒரு பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, அது செய்யவேண்டியதை வகுப்பு முடிவுசெய்கிறது. கரும்பலகையைத் தொடுவது என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளை உள்ளே வந்து, சரியான திசையில் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கைதட்டு; வேறு பேச்சில்லை. சில நிமிடங்களில் கை பலகையைத் தொட்டுவிடும். பிறகு இன்னொரு பிள்ளை, இன்னொரு செயல். இம்முறை கைதட்டு கிடையாது. தவறான ஒவ்வோர் அடிக்கும் ‘இல்லை’ என்ற அதட்டல் மட்டும். இரண்டடி, மூன்றடி, நான்கு ‘இல்லை’கள். அதற்குமேல் அந்தப் பிள்ளை நகராது. வாசலருகே கைகளைக் கட்டிக்கொண்டு, ஆசிரியரின் முகத்தையே பார்த்தபடி நிற்கும்.