மீன் தொட்டிக்கும் ஒரு ஒர்க் ஷீட்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, வேறு என்ன செய்யலாம்?" என்பதுதான். என் பதில் சற்று வித்தியாசமாக இருக்கும். மீன் வளர்க்கிறீர்களா? அப்படியானால் இன்றே எக்ஸெல் திறந்திடுங்கள்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் என் சித்தப்பா எட்டுத் தொட்டிகளில் மோலி, கப்பி வளர்த்து விற்று வந்தார். வண்ண மீன் வியாபாரத்திற்குப் பெயர் பெற்ற கொளத்தூர் பக்கத்தில்தான் என்பதால் விற்பது சிரமமில்லை. ஒரு முறை வெளியிலிருந்து வாங்கி வந்த மீன்களைத் தனியே வைக்காமல் நேராகத் தொட்டியில் விட்டுவிட்டார். பத்தே நாளில் முக்கால்வாசி மீன்கள் வெண்புள்ளி நோயில் போய்விட்டன. சீட்டு எடுத்துப் போட்ட பணமும் அதோடு போயிற்று.

பிறகு வீட்டில் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. "திங்கட்கிழமையே தீனி மிஞ்சிக் கிடந்ததே" என்றார் சித்தி. "ரெண்டு மீன் சுவரில் உரசிக்கிட்டே இருந்துச்சு" என்றான் தம்பி. முதல் நாள் இறந்த ஒரு மீனை எடுத்துப் போட்டது நான். மூன்று பேர் மூன்று அறிகுறிகளைப் பார்த்திருக்கிறோம். ஆனால் மூன்றும் ஓரிடத்தில் சேரவில்லை.

இந்த நோயைத் தருவது கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புகுந்து வளர்ந்த பிறகுதான் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பின் உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகும். நம்மூர் வெயிலில் இந்தச் சுற்று ஒரு வாரத்திற்குள் முடிந்துவிடும். தண்ணீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும். எனவே, புள்ளி தெரிந்த பின் ஒரு முறை மருந்து ஊற்றிப் பயனில்லை.

பெரிய பண்ணைகளும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றன. 1994-95ல் வெண்புள்ளி வைரஸ் நம் கடலோர இறால் பண்ணைகளைச் சூறையாடியது. (பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது வேறு நோய்.) அறிகுறி தெரிந்தபின் 3 முதல் 10 நாட்களில் குளமே காலியாகிவிடும். மருந்தும் இல்லை. அதனால்தான் குஞ்சுகளைக் குளத்தில் விடும் முன்பே பி.சி.ஆர். சோதனை செய்யும் பழக்கம் வந்தது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இதற்கான சோதனை முறையை உருவாக்கித் தந்தது. வெளிநாட்டுத் தாய் இறால்களைத் தனிமைப்படுத்திச் சோதிக்கும் மையம் நம் நீலாங்கரையிலேயே இருக்கிறது.

நார்வேயில் சால்மன் பண்ணைகள் மீன் மீதுள்ள பேன்களை எண்ணி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எண்ணுவதற்குக் கேமராவும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. இதைப் படித்துவிட்டு நீங்கள் கேமரா வாங்க ஓட வேண்டாம். அங்கே பலன் தருவது கேமரா மட்டுமல்ல. விடாமல் எண்ணிக் குறிக்கும் பழக்கம்தான். அதற்கு உங்களிடம் உள்ள கம்ப்யூட்டர் போதும். எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஒர்க் ஷீட் அமைத்திடுங்கள். நெட்டு வரிசைகளில் தேதி, தண்ணீரின் வெப்பம், போட்ட தீனி, மிஞ்சிய தீனி, தின்ற தீனி, இறந்த மீன், குறிப்பு எனத் தலைப்பிடவும். தின்ற தீனிக்கு முந்தைய ஏழு நாள் சராசரியை ஆவரேஜ் பங்ஷன் மூலம் பெறலாம். இன்றைய அளவு அதில் 80 சதவீதத்திற்குக் கீழே போனால் செல் சிவப்பாகும்படி கண்டிஷனல் பார்மட்டிங் அமைத்திடுங்கள். 80 என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. அனுபவத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

சிவப்பு வந்தால் நோய் என்று பொருளல்ல. மழையில் தண்ணீர் குளிர்ந்தாலும் மீன் குறைவாகவே தின்னும். "இன்று தொட்டி அருகே பத்து நிமிடம் நில்" என்பதுதான் அதன் பொருள். சந்தேகம் வலுத்தால் அந்தத் தொட்டியின் வலையை அடுத்த தொட்டியில் போடாதீர்கள். 2023 ஜூனில் மத்திய அரசு, மீன் நோயைத் தெரிவிக்க 'ரிப்போர்ட் பிஷ் டிசீஸ்' என்ற மொபைல் அப்ளிகேஷனை வெளியிட்டது. அதில் தெரிவித்தாலும், மீன்வள அதிகாரியை நேரில் பார்த்தாலும், "என்றைக்கு ஆரம்பித்தது?" என்ற கேள்வி வரும். பதில் உங்கள் பைலில் இருக்கும்.

"அனுபவசாலியின் கண்ணுக்கு மேலா கம்ப்யூட்டர்?" என்று சித்தப்பாவே கேட்டார். கண்ணுக்கு மேலே இல்லைதான். ஆனால் மூன்று பேர் கண்ட மூன்று விஷயங்களை ஒரே வரிசையில் வைத்துக் காட்ட அதனால் முடியும். இப்போது குறிப்பு எழுதுவது சித்தி. பைலை சேவ் செய்வது தம்பி. சித்தப்பா தினமும் காலையில் முதலில் பார்ப்பது சிவப்பு இருக்கிறதா என்றுதான்.