சூத்திரம் சரி, விடை எப்படித் தவறும்?



பிளஸ் டூ கலப்பெண் பாடத்தில் மட்டு மதிப்பு கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறோம். மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 300, 400 என்றால் விடை 500. காகிதத்தில் இது தவறவே தவறாது. கணினியில் தவறும்.

கணினி ஒவ்வோர் எண்ணையும் அளவு குறித்த பெட்டியில்தான் வைக்கும். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளில் இன்று புழங்கும் ஒரு 16 பிட் தசம எண் வடிவத்தின் உச்சம் 65,504. 300-இன் வர்க்கமோ 90,000. பெட்டி வழிந்து, 'முடிவிலி' என்று பதிவாகிவிடும். விடையான 500 அதில் தாராளமாக அடங்கும். வழியில் வந்த எண்தான் அடங்கவில்லை. 64 பிட் பெட்டி சுமார் 1.8 × 10³⁰⁸ வரை தாங்கும். அங்கும் 10²⁰⁰-ஐ வர்க்கப்படுத்தினால் இதே கதிதான்.

தீர்வு எளிது. இரண்டையும் பெரிய எண்ணான 400-ஆல் வகுத்தால் 0.75, 1. வர்க்கங்களின் கூடுதல் 1.5625, அதன் மூலம் 1.25. மறுபடி 400-ஆல் பெருக்கினால் 500. எந்த இடத்திலும் பெட்டி வழியவில்லை. கலப்பெண் வகுத்தலுக்கு இதுபோன்ற வழியை ராபர்ட் ஸ்மித் 1962-லேயே வெளியிட்டார்.

பெட்டி வழிந்தால் என்ன நடக்கும்? 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய ஏரியன்-5 ராக்கெட், சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. 64 பிட் எண்ணொன்றை, 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட் பெட்டியில் திணித்ததுதான் மூல காரணம். அந்த நிரல் ஏரியன்-4-க்காக எழுதப்பட்டது. அதில் ஒழுங்காக ஓடியது. அதற்கு ஆறு மாதம் முன்பு நம் இன்சாட்-2சி செயற்கைக்கோளைச் சுமந்து சென்றதும் ஓர் ஏரியன்-4 தான். பழைய ராக்கெட்டில் வராத வேகம் புதியதில் வந்தது. பெட்டியை யாரும் மாற்றவில்லை.

நம் தேர்வுகளில் சூத்திரத்துக்கு மதிப்பெண் உண்டு, விடைக்கும் உண்டு. இடையில் வரும் எண் எவ்வளவு பெரிது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. "அதையெல்லாம் மென்பொருள் நூலகம் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். அந்த நூலகத்தை எழுதுபவரும் எங்கோ ஒரு வகுப்பில் இந்தச் சூத்திரத்தைப் படித்தவர்தானே? நம் தட்டாஞ்சாவடித் தெருக்களிலிருந்தே எத்தனை பிள்ளைகள் மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள்!

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலப்பெண் பாடம் முடிந்ததும் 300, 400 என்று கரும்பலகையில் எழுதி, "65,504-ஐத் தாண்டாமல் விடை காணுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பீரியட் போதும்.