முத்தா, பாசியா?

ஒரு சின்னத் துண்டுச் சீட்டு என் வீட்டில் என்ன பாடு படுத்திற்று என்பதை இந்த முறை எழுதுகிறேன்.

பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு, ஜெர்மனியிலிருக்கும் என் தங்கை ஆறு வயது மகளோடு தூத்துக்குடி வந்திருந்தாள். குழந்தை கையில் ஒரு கைவேலைப் புத்தகம். பூராவும் ஜெர்மன். "பெரியம்மா, இதிலே இருக்கிறதெல்லாம் வாங்கித் தாங்க" என்று ஒரே பிடிவாதம். தங்கை உட்கார்ந்து ஒவ்வொரு சாமானுக்கும் இங்கிலீஷ் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதில் ஒன்று 'பைப் கிளீனர்'. ஜெர்மனில் 'ஃபைஃபன்புட்ஸர்'. இரண்டும் ஒரே அர்த்தம்தான்: புகை பிடிக்கிற பைப்பைத் துடைப்பது. நடுவே கம்பி, சுற்றிலும் மெத்தென்று நூல். வளைத்தால் பூ செய்யலாம், பொம்மை செய்யலாம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியுமா? பக்கத்து வீட்டுப் பையனிடம் சீட்டைக் கொடுத்தனுப்பினேன். கடை அண்ணாச்சி, ஸிங்க் அடைப்பு எடுக்கும் பவுடரைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, பைப் கிளீனர் என்றால் நம் ஊரில் அதுதானே! நானும் பார்க்காமல் மற்ற சாமான்களோடு மேஜையில் வைத்துவிட்டேன். குழந்தை கத்தரிக்கோலால் பாக்கெட் முனையை வெட்டப் போனபோதுதான் 'காஸ்டிக்' என்ற எழுத்து கண்ணில் பட்டது. பிடுங்கிய பிறகும் வெகுநேரம் கை நடுங்கியது.

காஸ்டிக் சோடா தோலை வேகவைத்துவிடும். மேலே பட்டுவிட்டால் பவுடரைத் தட்டிவிட்டு, குறைந்தது 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு தடவை புண்ணாக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு.

மறுநாள் ஃபான்ஸி ஸ்டோரில் புத்தகத்தின் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து சீட்டோடு படமும் போகிறது.

'டோன்பப்பியர்' என்று ஒரு காகிதம். 'டோன்' என்றால் களிமண் என்றும் உண்டாம், நிறச்சாயல் என்றும் உண்டாம், இங்கே நிறம்தான். இதையே அமெரிக்காவில் 'கன்ஸ்ட்ரக்ஷன் பேப்பர்' என்பார்கள், இங்கிலாந்தில் 'சுகர் பேப்பர்'. நம் கடையில் சர்க்கரைக் காகிதம் கேட்டால் சிரிப்பார்கள். கலர் சார்ட் என்று கேட்டு வாங்கினேன். வேலை ஆயிற்று.

'பியூகல்பெர்லன்' கதைதான் வேடிக்கை. குழந்தை "பெர்லன், பெர்லன்" என்று குதித்தபோது நிஜ முத்தென்றே நினைத்தேன். முத்துக்குளித்துறையில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? ஜெர்மனில் முத்துக்கும் பாசிமணிக்கும் ஒரே சொல். நமக்கு முத்து வேறு, பாசி வேறு, இங்கிலீஷ்காரனுக்கும் அப்படித்தான். தங்கை சரியாக 'பீட்ஸ்' என்று எழுதியிருந்தாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இஸ்திரி முத்து'! சின்னச் சின்ன பிளாஸ்டிக் குழாய்கள். முளை வைத்த தட்டில் கோலம் மாதிரி அடுக்கி, மேலே பட்டர் பேப்பர் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரி பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் இந்த மணியே வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும். நம் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் இங்கே ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். இப்போது என் வீட்டில் முத்துக்கு இஸ்திரி!

எந்தப் பாஷையும் தேவைப்படாதது 'சால்ட்ஸ்டைக்' ஒன்றுதான். உப்பு மாவு. உப்பளத்து ஊரில் அதற்கா பஞ்சம்? மைதா 2 கப், பொடி உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். உருவம் மெல்லிசாக இருக்கட்டும். நம் கடற்காற்றுக்குச் சீக்கிரம் காயாது. திருப்பித் திருப்பி வெயிலில் வைக்க வேண்டும். குழந்தைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவு உப்பு ஆகாது.

தெருப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து மீன், தோணி, நங்கூரம் என்று செய்தார்கள். இவள் ஒரு சிப்பி செய்தாள். "பெரியம்மா, உள்ளே வைக்க ஒரு பெர்லே வேணும்" என்றாள். என் பழைய பாசிமாலையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன்.