வேலை மறுக்கப்பட்ட மொழிகள்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில் நியூ கலிடோனியா என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. நிக்கல் தாதுவுக்குப் பெயர் பெற்ற நிலம். வேதியியல் படிக்கும் நண்பர்கள் அந்த அளவில் அறிந்திருக்கக்கூடும். அதன் மண்ணின் மைந்தர்கள் கனாக் மக்கள். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள மொத்த மக்கள் ஏறத்தாழ 2,71,000 பேர். அவர்களுள் கனாக் இனத்தவர் 41 விழுக்காட்டினர். இச்சிறு கூட்டத்தாரின் மொழிகள் எத்தனை தெரியுமா? இருபத்தெட்டு!

1853-இல் பிரெஞ்சுக்காரர் இத்தீவைக் கைப்பற்றினர். பத்தே ஆண்டுகளில், 1863-இல், பள்ளிகளில் அம்மக்களின் மொழிகளுக்குத் தடை விதித்து ஆணை பிறந்தது. நிலத்தைப் பிடித்தவர்களுக்கு நாவையும் பிடிக்க வேண்டியிருந்தது போலும்! 1985-இல் கனாக் விடுதலை இயக்கத்தினர் அரசுப் பள்ளிகளைப் புறக்கணித்து, தம் மொழிகளில் கற்பிக்கும் மக்கள் பள்ளிகளைத் தொடங்கினர். அவற்றுள் பெரும்பாலானவை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் கோரிக்கை மடியவில்லை. 1992-இல் நான்கு கனாக் மொழிகள் பள்ளி இறுதித் தேர்வில் விருப்பப் பாடமாயின. 1998-இல் கையெழுத்தான நூமியா ஒப்பந்தம், பிரெஞ்சு மொழியோடு கனாக் மொழிகளும் கல்விக்கும் பண்பாட்டுக்கும் உரிய மொழிகளே என்று ஏற்றுக்கொண்டது. 2007-இல் கனாக் மொழிகளுக்கெனக் கழகமும் அமைந்தது.

இவ்வளவு கிடைத்த பின்னும் என்ன குறை என்று கேட்கலாம். விருப்பப் பாடத்திற்கு மாணவரிடையே உள்ள மரியாதை நாம் அறியாததா? 1992-இல் திருத்தப்பட்ட பிரெஞ்சு அரசமைப்புச் சட்டம், குடியரசின் மொழி பிரெஞ்சு என்கிறது. 2008-இல் செய்த திருத்தம், வட்டார மொழிகளை நாட்டின் பாரம்பரியச் சொத்து என்கிறது. பாரம்பரியச் சொத்து என்றதுமே எனக்கு அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைதான் கண்முன் வருகிறது. ஒரு மொழிக்குப் புகழ்மாலை சூட்டி, வேலை எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்தால் அது எத்தனை தலைமுறை தாங்கும்?

இருபத்தெட்டு மொழிகளில் எதை ஆட்சிக்கு எடுப்பது, பிரெஞ்சுதானே அவர்களை இணைக்கிறது என்பார் உண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலில் மிதித்தவன் நான். பிழைப்புக்கு வழிகாட்டும் மொழியைப் பழிக்க என்னால் ஆகாது. கனாக் சிறுவன் பிரெஞ்சு கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். ஆனால் லிஃபூ தீவில் பிறந்தவன் ஒன்றும் இரண்டும் கூட்டக் கற்கும்போது, அவன் தாய் பேசும் டெஹு மொழியில் கற்றால் எந்த ஒற்றுமை குலைந்துவிடும்? ஊருக்கு ஊர் மொழி மாறும் நாட்டில், அந்தந்த ஊர்ப் பள்ளியின் முதல் சில வகுப்புகளுக்கு அந்தந்த ஊர் மொழி என்பது நடவாத காரியமன்று.

வேலையற்ற மொழிக்கு நேர்வதைக் காண வேண்டுமானால் இந்தியப் பெருங்கடலுக்கு வரலாம். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவுக்கு, 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் பல்லாயிரம் தமிழர் கப்பலேறினர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர். கோயிலில் தமிழ் ஒலிக்கிறது. வீட்டுப் பேச்சோ கிரியோல். அந்தக் கிரியோலும் தீவின் பெரும்பான்மையோர் தாய்மொழிதான். ஆயினும் அலுவலக நாற்காலி பிரெஞ்சு மொழிக்கே.

எனக்குப் பெரிதும் நெருடலாகப் படுவது தாஹிதியில் நடந்ததுதான். அத்தீவு அடங்கிய பிரெஞ்சு பாலினேசியாவுக்குத் தனிச் சட்டசபை உண்டு. அதில் உறுப்பினர்கள் தாஹிதி மொழியிலும் பேசலாம் என்றிருந்த விதியை, 2006-இல் பாரிசிலுள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் நீக்கியது. பெண் உறுப்பினர் ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றார். 2010-இல் அவர் மனு விசாரணைக்கே ஏற்கப்படவில்லை. வாக்குக் கேட்கும்போது மக்களிடம் பேசிய மொழியில், வென்ற பின் அவர்களுக்காகப் பேசக்கூடாதாம்! பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் தாஹிதி சொல்லிக்கொடுப்பதை அரசு பெருமையாகக் காட்டலாம். முதலில் அந்தச் சட்டசபையில் அம்மொழிக்கு இடம் தரட்டும். கனாக் சிறுவனின் கணக்குப் பாடத்தையும் அவன் மொழியில் தொடங்கட்டும்.